பக்கத்து சீட்டு பிரேக்

தொலைக்காட்சியில் ஒரு லாரி வேகமாகத் திரும்பினால், சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். லாரி நிற்காது. மாமாவும் விடமாட்டார், அது திரையை விட்டுப் போகும்வரை மிதித்துக்கொண்டே இருப்பார். அத்தை தண்ணீர் ஜாடியை மேசையின் விளிம்பில் வைத்தாலும் கால் மிதிக்கும். எதிர்வீட்டுக் குழந்தை படிக்கட்டில் ஓடினாலும் மிதிக்கும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "உங்க வீட்ல தினமும் ஆணி அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், மாமா நியூஸ் பாக்குறார்" என்றேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். டிரைவிங் ஸ்கூல் என்று வாய் நிறையச் சொன்னாலும், ஸ்கூல் என்பது ஒரு பழைய வெள்ளைக் கார்தான். கூரையில் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டு, ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் கீழே இன்னொரு பிரேக். மாமாவின் பிழைப்பு அந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான். அதை அடிக்கடி மிதித்தால் கற்றுக்கொள்பவருக்கு பயம் வந்துவிடும். காலைக் கீழே வைத்தால் மாமாவுக்கு பயம் வந்துவிடும். அதனால் அந்தக் கால் மிதிக்கவும் மிதிக்காது, இறங்கவும் இறங்காது. பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தரத்தில் நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலை அப்படிப் பிடித்துப் பாருங்கள். நான் பிடித்துப் பார்த்தேன். விளம்பர இடைவேளை முடிவதற்குள் தொடை ஆடத் தொடங்கிவிட்டது.

யாரையும் திட்டமாட்டார். சுவரைப் பார்த்து நடுங்குபவர்களிடம், "சுவருக்கு ஏங்க பயப்படறீங்க? அதுவா வந்து உங்க மேல மோதப்போகுது?" என்பார். கியரோடு மல்லுக்கட்டுபவர்களிடம், "மெதுவா, மெதுவா. ஊர் எங்கயும் எழுந்து ஓடிராது" என்பார். வகுப்பை மட்டும் ரத்து செய்யமாட்டார். "ஒரு நாள் விட்டா வண்டிக்குத் துரு பிடிக்காது. ஓட்டுறவங்க தைரியத்துக்குத் துரு பிடிச்சிரும்." டேஷ்போர்டுக்குள் ஒரு மஞ்சள் துடைக்கும் துணி வைத்திருப்பார். யாராவது அழுதால் அதை எடுத்துக் கொடுப்பார். மற்ற நேரத்தில் அதே துணியால் கண்ணாடியைத் துடைப்பார். அழுபவர்களிடம் இதை நான் சொல்வதில்லை.

பின்சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். கணக்குப் பாடமும் நானும் பத்தாவதில் மனமொத்துப் பிரிந்த பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. எல்லோரும் ஓட்டி முடித்த பிறகு வீட்டுக்குத் திரும்பும் கடைசிச் சந்து மட்டும் எனக்கு. மாமா என்னை வாலு என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயரை நான் உழைத்துச் சம்பாதித்தேன்.

அந்தரத்தில் நின்ற காலுக்குள் ஒரு வலி குடிவந்தது. இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால்வரை. "உள்ள யாரோ ஒயரைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாக்குறாங்க" என்பார். மருந்துக் கடையில் கேட்டு ரோஸ் நிறத்தில் ஒரு மாத்திரை வாங்கினார். போட்டால் வலி பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சாயங்காலம் திரும்பி வரும். மறுபடி ரோஸ். இப்படி வருஷக்கணக்கில் ஓடியது. வெற்றிலை போடுகிறவர்கள் மாதிரி அவர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

பிறகு இரண்டு பாதமும் வீங்கின. செருப்பு வார் சதையில் பதிந்து கோடு விழுந்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த சிறுநீரக டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கிட்னி பாதிக்கும் கீழதான் வேலை செய்யுது. பிரஷர் ஒரு காரணம். இந்த ரோஸ் மாத்திரை இன்னொரு காரணம். கிட்னிக்குப் போற ரத்தத்தையே அது குறைச்சிடும். இனிமே அதைக் கண்ணால பாக்கக்கூடாது. இன்னும் கெட்டுச்சுன்னா மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும்." அத்தை வீட்டிலிருந்த ரோஸ் அட்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, மருந்துக் கடைக்காரரின் மேசையில் கொட்டி, "இவர் வந்து கேட்டா இல்லன்னு சொல்லுங்க. இல்லன்னா நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் இன்றுவரை அத்தையைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

அன்று ஆஸ்பத்திரியில் மாமாவின் சட்டை முதுகில் நான் ஒரு குட்டி எல் போர்டை ஒட்டியிருந்தேன். நடைபாதையில் எல்லோரும் அவருக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார். "வாலு, இதை எடுத்து உன் நெத்தில ஒட்டிக்க. வாழ்க்கைல இன்னும் முதல் கியரே போடாதவ நீதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

அன்றே டாக்டரம்மா ரோஸுக்குப் பதிலாக பாராசிட்டமால் கொடுத்திருந்தார், அதுவும் அளவோடு. நரம்பு வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை, காலையிலும் இரவிலும். எழுதும்போதே நிமிர்ந்து, "இது கொஞ்சம் தூக்கம் வரவைக்கும். நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டார்.

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்ல டாக்டர். நான் ஓட்டுறதே இல்ல. மத்தவங்க ஓட்டுவாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார்.

பொய் இல்லை. அவர் தன் தொழிலை எப்போதும் அப்படித்தான் சொல்வார். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற பெரிய மனிதர் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார் போல. தலையாட்டிவிட்டு எழுதி முடித்தார். நானும் அத்தையும் பக்கத்தில்தான் இருந்தோம். எங்களுக்கும் அந்த பதிலில் ஒரு தப்பும் தெரியவில்லை.

காலை வகுப்பு தையல்கார அக்காவுடையது. அக்காவின் கால் வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்த கால். ஆக்சிலரேட்டரையும் அப்படித்தான் மிதிப்பார். கார் நேராக ஓடாது, தையல் போட்டுக்கொண்டு போகும். பஸ்ஸை உரசுகிற மாதிரி போவார். "அக்கா, அது பஸ். அளவெடுக்க அவ்வளவு கிட்ட போக வேணாம்" என்று பின்னாலிருந்து நான் சொல்வேன். "நீ வாயைத் தச்சுக்கிட்டு உக்காரு" என்பார். வெட்டிய துணி மூட்டைகளைத் தானே காரில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமாவை மாஸ்டர் என்று கூப்பிடுவார்.

வெள்ளை மாத்திரை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை. எதிரே ரொட்டி வேன் நின்றிருந்தது. அதன் பின்கதவைத் திறந்து ஒரு ஆள் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இப்படி ஏதாவது வந்தால், அக்காவுக்குத் தெரிவதற்கு முன்பே கார் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தரத்திலேயே வாழ்ந்த கால் கீழே மிதியடியில் துவண்டு கிடந்தது. நான் அதைக் கீழே பார்த்ததே இல்லை.

"மாஸ்டர், நிக்கவா?" என்றார் அக்கா. "மாஸ்டர்?"

"மாமா!" என்று நான் போட்ட கத்தலில் கால் பாய்ந்தது. டயர் தேய்ந்த நாற்றம் வந்தது. ரொட்டித் தட்டு எங்கள் பானெட்டில் சரிந்தது. அந்த ஆளின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். அவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா இறங்கிப் போய் அவரோடு ரொட்டி பொறுக்கினார். ஒவ்வொன்றையும் சட்டையில் தட்டித் தட்டி வைத்தார். வைத்ததில் பாதி மறுபடி விழுந்தது. அக்கா ஸ்டியரிங்கை விடவே இல்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். டேஷ்போர்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினேன். அன்று கண்ணாடி துடைத்த துணி என்ற ஞாபகம்கூட எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு மாமாவுக்குத் தூக்கமே வரவில்லை. வெள்ளை மாத்திரையைக் காலையில் நிறுத்தினார், இரவிலும் நிறுத்தினார். அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வலி திரும்ப வந்து உட்கார்ந்தது. வகுப்பின் நடுவில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கிளட்ச்... கிளட்ச் விடுங்க" என்பார். ஒரு வாரம் போனது. திடீரென்று ஒரு நாள் முகம் தெளிந்துவிட்டது. விசிலடித்தார். எனக்குச் சந்தேகம் வந்தது.

டேஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் துணிக்கு அடியில் ரோஸ் அட்டை. அத்தையைத் தெரியாத ஏதோ ஒரு கடையில் வாங்கியிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அட்டையின் மேல் ஒரு ரப்பர் பல்லியை வைத்தேன். மறுநாள் வகுப்புக்கு முன்னால் அவர் டேஷ்போர்டைத் திறந்தார். பல்லியைப் பார்த்து, நின்றிருந்த வண்டியில் பிரேக்கை மிதித்தார். "அடிப்பாவி!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மாமா, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"தெரியும்."

"அத்தைகிட்ட சொல்லவா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டு பேசினார். "வெள்ளை போட்டா எனக்குக் கண்ணு சொக்குது. நான் சொக்கினா அந்தத் தையல்காரம்மா ஒருத்தரைக் கொன்னுடும், இல்ல அதுவே செத்துப்போகும். ஒண்ணும் போடாட்டி இந்தக் கால் சொன்ன பேச்சு கேக்காது. ரோஸ் போட்டா போறது என் கிட்னி மட்டும்தான். கணக்கு சரியாத்தான இருக்கு?"

எனக்குக் கணக்கு வராது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. மஞ்சள் துணியைக் கேட்க மனமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு நாங்கள் மூவரும் போனோம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். பழையதைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். "கிரியாட்டினின் ஏறியிருக்கு. இவ்வளவு சீக்கிரம் ஏறக்கூடாது. வெள்ளை மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

"வேற ஏதாவது மாத்திரை? கடைல வாங்கினது, யாராவது கொடுத்தது, பூசுற களிம்பு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல டாக்டர்."

அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "அப்ப கிட்னி தானாவேதான் வேகமா போகுது. ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு முன்னேற்பாடா கைல ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், அதைப் பத்திப் பேசிடலாம்" என்றார். அத்தையின் கை மாமாவின் சட்டைக் கையைத் தேடிப் பிடித்தது. மாமா வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மறுபடி வெள்ளை மாத்திரை. மறுபடி ரொட்டி வேன். அவருடைய கணக்கில் அவர் கெட்டியாக உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வாய் அடைத்திருக்கும். அதனால் எனக்குக் கைவந்ததைச் செய்தேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"மாமா, குழந்தை!"

மாமாவின் வலது கால் டாக்டரம்மாவின் மேசைக்குக் கீழே பாய்ந்தது. அங்கே ஒரு இரும்புக் குப்பைக்கூடை இருந்தது. அது அறையின் அந்தக் கோடிவரை உருண்டு சுவரில் மோதியது. பேனா தெறித்தது. வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்தார். மாமா தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தார். அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"என்ன ஆச்சு? என்ன பண்ணீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பிரேக்..." மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "பிரேக் பிடிச்சேன் டாக்டர்."

"பிரேக்கா? நீங்க வண்டி ஓட்ட மாட்டேன்னு சொன்னீங்களே?"

"ஓட்ட மாட்டேன் டாக்டர். பிரேக் மட்டும்."

டாக்டரம்மா எழுந்து வந்து தன் நாற்காலியை அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார். "எப்படிப் பிடிப்பீங்க? காட்டுங்க." மாமா காட்டினார். அந்தக் கால் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. நின்றது, ஆடியது, நின்றது. டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாள் முழுக்க இப்படியேவா?"

"ஆமா."

"இப்ப மறுபடி கேக்கறேன். வேற மாத்திரை?"

மாமா சட்டைப் பையிலிருந்து ரோஸ் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை போட்டுச் சொக்கியதையும் ரொட்டி வேனையும் சொன்னார். அத்தை அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சட்டைக் கையை விடவில்லை.

டாக்டரம்மா கோபத்தை அடக்கவில்லை. "நீங்க உங்க கிட்னியையும் ஏமாத்துனீங்க, என்னையும் ஏமாத்துனீங்க" என்றார். கொஞ்சம் தணிந்து, "என்ன வேலைன்னு ஒரு வார்த்தை நானும் கேட்டிருக்கணும்" என்றார். ஆபரேஷன் பேச்சைத் தள்ளிவைத்தார். ரோஸை நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்த பிறகுதான் அது. ரோஸ் இன்றோடு சரி. களிம்பும் கேட்காமல் பூசக்கூடாது, அதுவும் தோல் வழியாக உள்ளே போகும். வெள்ளை மாத்திரை உடம்பை விட்டு வெளியேறுவதே கிட்னி வழியாகத்தான். அவருடைய கிட்னி அதை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால்தான் அப்படிச் சொக்கியது. அளவைக் குறைத்து இரவில் மட்டும் போடவேண்டும். அது உடம்புக்குப் பழகும்வரை காரில் ஏறவே கூடாது. அதற்குப் பிறகும், காலையில் மப்பு தெளியாவிட்டால் அன்று வகுப்பு கிடையாது. பாராசிட்டமால் எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், இடுப்புக்குப் பயிற்சி.

"வலி மொத்தமா போயிடும்னு சொல்லமாட்டேன்" என்றார். "பாதியாக்கலாம். மீதிப் பாதியோட கிட்னியைக் காப்பாத்தலாம்."

"கிளாஸ் கேன்சல் பண்ணா ஜனங்க பயந்துருவாங்க டாக்டர்" என்றார் மாமா.

"நீங்க தூங்கினா?" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மாமா என் காதைத் திருகினார். வலிக்கிற மாதிரிதான் திருகினார். "குழந்தையாம் குழந்தை. எந்தக் குழந்தைடி?" என்றார். அத்தை அழுது முடித்துவிட்டு, "அடுத்த தடவை கூடைல குப்பை இல்லாதப்ப கத்து" என்றார்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் காரிலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சீட்டை முன்னே இழுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். "வண்டி நிக்கும்போதாவது காலைக் கீழ வைங்க சார்" என்றாள். மாமா அதற்கு மட்டும் மசியவில்லை. "நிக்கிற வண்டிதாம்மா டேஞ்சர். ஓடுற வண்டி ஓடுதுன்னு தெரியும். நிக்கிறது எப்பக் குதிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

இப்போது கார் சாவி அத்தையிடம் இருக்கிறது. காலையில் மாமாவை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்ப்பார், வேண்டுமென்றே எதையாவது வம்புக்கு இழுப்பார். சுருக்கென்று பதில் வந்தால் சாவி கிடைக்கும். கொழகொழவென்று வந்தால் கிடையாது. அன்று நான்தான் எல்லோருக்கும் போன் போட வேண்டும். "மாஸ்டர் இன்னைக்கு லீவு. தைரியத்துக்கு எண்ணெய் போட்டு வச்சுக்கங்க" என்பேன். கிரியாட்டினின் ஏறாமல் நின்றிருக்கிறது. இறங்கவில்லை. வலியும் போகவில்லை. மழை நாளில் அந்த ஒயரை யாரோ நன்றாகவே இழுக்கிறார்கள்.

நேற்று மழை. தையல்கார அக்கா ஓட்டினார், நான் பின்னால். பெரிய சாலையின் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அக்கா அழகாகத் தையலை முடித்து வண்டியை நிறுத்தினார். மாமாவின் கால் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டென்று கையை நீட்டி டேஷ்போர்டைத் திறந்தார். நான் முன்சீட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். உள்ளே கையைவிட்டுத் துழாவினார்.

வெளியே வந்தது மஞ்சள் துணி. அதை நிதானமாக மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். குனிந்து மிதியடியின் மேல் வைத்தார். "அம்மா, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. பச்சை விழுந்தாலும் நான் சொல்றவரைக்கும் எடுக்காதீங்க" என்றார். அக்கா போட்டார். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்த ஆரம்பித்தன. மாமா முழங்காலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல அந்தக் காலைத் தூக்கி, துணியின் மேல் மெல்ல இறக்கி வைத்தார்.